யாரும் காலி பண்ண வேண்டாம்

மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் அந்த என்ஜினீயர் பெண் மட்டாஞ்சேரிக்கு வந்தாள். குடியிருப்புத் திட்டத்துக்காகப் பழைய கட்டடங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. பஜாருக்குப் பின்னால் காயலை ஒட்டியிருந்த பாண்டிகசாலைதான் அன்றைக்குக் கடைசி. ஒரு காலத்தில் சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்கு அது. உள்ளே ப்ளைவுட்டாலும் தகரத்தாலும் தடுத்து, தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த இருபது சொச்சம் குடும்பங்கள் இப்போது குடியிருந்தன. அவளுக்குச் சுற்றிக் காட்டியவர்கள் இரண்டு பேர்: பொருநை நலச் சங்கத்தின் தலைவர் இசக்கிதுரை, செயலாளர் சுபாஷிணி.

என்ஜினீயரின் பெயர் அதிதி. பாலக்காட்டிலிருந்து வந்து பல தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். காயல் பக்கத்துப் பின்சுவரில் ஒரு கம்பியை வைத்துச் சுரண்டினாள். காரை ஈர மணலாக அவள் ஷூவின் மேல் கொட்டியது. இன்னும் இரண்டு இடத்தில் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கம்பியைப் பைக்குள் வைத்தாள்.

"சேட்டா, மறைக்காமச் சொல்லிடறேன். இந்தச் சுவர் இந்த மழையைத் தாங்காது. காயல் தண்ணி ஏறி இறங்கி அஸ்திவாரத்துல ஒண்ணுமே மிச்சமில்லை. எல்லாரையும் உடனே இறக்கணும்."

"எங்க இறக்க?" என்றார் இசக்கிதுரை.

"பள்ளிக்கூடத்துல கேம்ப் திறப்பா."

"அதுக்குப் பொறவு?"

அதிதி சுவரைப் பார்த்தாள்.

"அதுக்குப் பொறவு எங்கன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா, நான் இன்னைக்கே இறக்குதேன்மா."

"அது என் கையில இல்லை. ரிப்போர்ட் எழுதி மேலே கொடுப்பேன். நோட்டீஸ் வர நாளாகும். அது வரட்டும்னு காத்துண்டிருக்காதீங்கோ. அதைச் சொல்லத்தான் வாயால சொல்றேன்."

வெளியே ஆட்டோவில் ஏறும்போது அவள் சுபாஷிணியின் கையைப் பிடித்தாள். "சேச்சி, நீங்களாவது அவர்ட்ட பேசுங்கோ." தன் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

இசக்கிதுரையை அந்தப் பகுதியில் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் அவர் அண்ணாச்சி. பதினேழு வயதில் மூட்டை தூக்க வந்தவர். சங்கம் என்று ஒன்று உண்டானதே அவரால்தான். தமிழ்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டேன் என்றால் தலைமையாசிரியர் அறை வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். ரேஷன் கார்டு, குடிதண்ணீர்க் குழாய், ஆஸ்பத்திரியில் படுக்கை எதுவானாலும் அவர்தான். இங்கே செத்தவர்களை ஊருக்குக் கொண்டுபோக வண்டி பிடித்து, செங்கோட்டை தாண்டும்வரை முன் சீட்டில் அவரே உட்கார்ந்து போவார். ஊரடங்கில் பஜார் மூடிக்கிடந்தபோது பாண்டிகசாலை முற்றத்தில் அடுப்பு மூட்டி, தமிழன் மலையாளி வங்காளி என்று பாராமல் சோறு போட்டார். அவரும் அதே பாண்டிகசாலையில், நடு வரிசையில் ஓர் அறையில், மனைவி பாக்கியலக்ஷ்மியோடு இருந்தார். வேறு இடத்துக்குப் போக அவருக்கு வழி இருந்தது. போகவில்லை.

அவருக்கு ஒரு தோல்வி உண்டு. அதை அவர் அடிக்கடி சொல்ல மாட்டார். வெகுநாள் முன்பு இன்னொரு சந்தில் இதேபோல ஒரு கிடங்கு ஆடுகிறது என்று அதிகாரிகள் சொன்னபோது, "ரெண்டு வாரந்தானே, வாங்க போவோம்" என்று சனங்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனவர் அவர். திரும்பி வந்தபோது கிடங்கு இடிக்கப்பட்டிருந்தது. மனைக்குச் சொந்தக்காரர் வேலி போட்டிருந்தார். அந்தக் குடும்பங்கள் ஏலூருக்கும் தேவராவுக்கும் சிதறிப் போயின. சில பேர் ஊருக்கே திரும்பிப் போனார்கள். ஒருத்தன் பாலத்துக்கடியில் கிடந்து மஞ்சள் காமாலையில் செத்தான். அவன் பொண்டாட்டி அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே, "உங்க பேச்சைக் கேட்டுத்தானே வந்தோம்" என்று கேட்டாள்.

சுபாஷிணிக்கு இதெல்லாம் தெரியும். அவள் அப்பாவும் அண்ணாச்சியோடு மூட்டை தூக்கியவர். அவள் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், மலையாளம் சரளமாக எழுதுவாள். அதனாலேயே அண்ணாச்சி அவளைச் செயலாளர் ஆக்கினார். தோப்பும்படியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. கல்யாணமாகி அங்கேயே வீடு. பாண்டிகசாலைச் சுவருக்குள் அவள் தூங்கி நாளாகிவிட்டது.

அன்று சாயங்காலம் சங்கக் கூட்டம் முற்றத்தில் நடந்தது. ஆண்கள் பஜாரிலிருந்து வந்து தோள் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார்கள். பெண்கள் வாசல்களில் நின்றார்கள். என்ஜினீயர் வந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"என்ன சொன்னாங்கன்னு கேக்கீங்க. பழைய கட்டடம்னு சொன்னாங்க. அது நமக்குத் தெரியாதா? வருசா வருசம் வாராங்க, சொரண்டிப் பாக்காங்க, போறாங்க" என்றார் அண்ணாச்சி.

அங்கே குடியிருந்த தங்கதுரையின் மகள் மகா எழுந்தாள். எர்ணாகுளத்தில் காலேஜில் படிப்பவள். "இந்த மழைக்கு விழுமான்னு கேட்டீங்களா, அண்ணாச்சி?"

"விழுந்தா என் தலையிலயும்தான் விழும். நானும் இதுக்குள்ளதான கெடக்கேன்?" கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இப்ப எறங்குனோம்னா நம்மள வீட்டுத் திட்டத்துல இருந்தே எறக்கிருவாங்க. கவர்மெண்டு கட்டி முடிச்ச வீடு அங்க பூட்டிக் கெடக்கு. யாருக்குன்னுதான் இன்னும் முடிவாகல. நாம இங்க இருக்கிற வரைக்குந்தான் நம்ம பேரு அதுல இருக்கும். நமக்குத்தான் வீடுன்னு எழுதிக் குடுக்கட்டும், அன்னைக்கு நானே முன்னால நடக்கேன். அதுவரைக்கும் யாரும் காலி பண்ண வேண்டாம்."

சொல்லிவிட்டு அவர் சுபாஷிணியைத் திரும்பிப் பார்த்தார். அவள் மடியிலிருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு சாயாக்கடை ஓரத்தில் அவரைத் தனியாகப் பிடித்தாள்.

"அந்தப் பொண்ணு சொன்னது அது இல்லையே, அண்ணாச்சி. உடனே இறக்கணும்னுதானே சொல்லிச்சு."

"ஆமா."

"அதை ஏன் சொல்லலை?"

"சொன்னா பாதிப் பேரு எறங்குவான், பாதிப் பேரு இருப்பான். பாதிச் சனத்தை வச்சிக்கிட்டு எவன்ட்டயும் பேச முடியாது, சுபா." அவர் சாயாவை ஊதினார். குடிக்கவில்லை. "அதிகாரிங்ககூட வீட்டுப் பேச்சு முக்காவாசி முடிஞ்சாச்சு. கொஞ்ச நாள் பொறு. ஆடி பொறக்குமுன்ன வாங்கிருவேன்."

"அதுக்குள்ள எதாவது ஆச்சுன்னா?"

"கேம்ப்புக்குப் போனவங்க என்ன ஆனாங்கன்னு நான் பாத்தவன். நீ பாக்கல."

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. அவர் மேல் அவளுக்கிருந்த மரியாதையும் அந்த நியாயத்தோடு சேர்ந்துகொண்டது.

திரும்பி வரும் வழியில் தங்கதுரையின் மனைவி சந்தனமாரி குழாயடியில் நின்றாள். இஞ்சிக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை அவளுக்கு. நகக்கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கும். பின்சுவரை ஒட்டிய கடைசி அறை அவர்களுடையது. மகா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சுபா, என் தங்கச்சி பள்ளுருத்தியில ரூம் எடுத்திருக்கா. மழை முடியற வரைக்கும் அங்க வந்து கெடங்கன்னு சொல்லுதா. போகவா, இருக்கவா? நீ அந்தப் பொம்பளகூட நின்ன. நீ சொல்லு."

சுபாஷிணி குழாயிலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்தாள். "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும், மாரியக்கா" என்றாள்.

சந்தனமாரி தலையாட்டினாள். "அதான் நானும் நெனச்சேன்."

மழை வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. அண்ணாச்சி தினமும் வெள்ளை வேட்டி கட்டி எர்ணாகுளம் போய் வந்தார். அதிதி இரண்டு தடவை போன் செய்தாள். முதல் தடவை, "பேசிக்கிட்டிருக்கோம்" என்றாள் சுபாஷிணி. இரண்டாம் தடவை எடுக்கவில்லை. மழை நின்று வெயில் அடித்த ஒரு நாள் சுவர் காய்ந்து வெளுத்திருந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்கே ஒரு நிம்மதி வந்தது.

ஆடி பிறந்த வாரத்தில் காயல் பொங்கி பஜாருக்குள் ஏறியது. கடல் ஏற்றமும் மழையும் ஒன்றாக வந்துவிட்டன. இஞ்சிக் கிடங்குகளில் முழங்காலளவு தண்ணீர். வேலையில்லை என்று பெண்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆண்கள் மட்டும் மூட்டைகளை மேலே ஏற்ற நின்றுவிட்டார்கள். மகா காலேஜில் இருந்தாள். சந்தனமாரி வீட்டுக்கு வந்து, நனைந்த புடவையை மாற்றிக்கொண்டு, உலை வைத்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. ஓட்டுக்கூரை அதன்மேல் இறங்கியது.

லேபில் ஒரு கிழவரின் கையில் ஊசி குத்தப் போகும்போது சுபாஷிணிக்குப் போன் வந்தது. வண்டி கிடைக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் பாதி தூரம் நடந்தே போனாள். போய்ச் சேர்ந்தபோது சந்து முழுக்கச் சுண்ணாம்புப் புழுதி மழையில் கரைந்து பாலாக ஓடிக்கொண்டிருந்தது. ஆண்கள் கையாலேயே கல்லைப் பெயர்த்து எறிந்தார்கள். அண்ணாச்சியின் இரண்டு கையிலும் தோல் உரிந்து ரத்தம் வடிந்தது. அவர் மனைவியைத் தோள்பட்டை முறிந்த நிலையில் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் கூடப் போகவில்லை. கடைசி அறை இருந்த இடத்தில்தான் தோண்டிக்கொண்டிருந்தார். யாரோ அவரை இழுத்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். உதறிவிட்டு மறுபடியும் குனிந்தார்.

தீயணைப்புக்காரர்கள் வந்துதான் சந்தனமாரியை வெளியே எடுத்தார்கள். அடிபட்டவர்கள் பலர் பிழைத்தார்கள். அவள் பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வாங்கிய அன்று அண்ணாச்சி அதை ஊருக்கு அனுப்பவில்லை. பஜார் ரோட்டின் நடுவில் பெஞ்சு போட்டு அதன்மேல் வைத்தார். மறியல். பஸ் நின்றது, ஆட்டோ நின்றது. கட்சிக்காரர்கள் வந்தார்கள். டி.வி.க்காரர்கள் வந்தார்கள். தங்கதுரை பெஞ்சின் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகு வலிக்காரர், அப்படி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகா எழுந்து நின்று, வந்த மைக்கையெல்லாம் வெறித்துப் பார்த்தாள். தூறல் விழுந்ததால் சுபாஷிணி அண்ணாச்சிக்குக் குடை பிடித்தாள்.

"முன்கூட்டியே யாராவது எச்சரித்தார்களா?" என்று ஒரு நிருபர் மலையாளத்தில் கேட்டான்.

"ஒருத்தரும் சொல்லலை. பாவப்பட்டவங்கதானே, செத்தாப் போகட்டும்னு விட்டுட்டாங்க" என்றார் அண்ணாச்சி. அவர் குரல் உடைந்தது. அந்த அழுகை பொய்யில்லை என்று சுபாஷிணிக்குத் தெரியும். குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். பாண்டிகசாலைக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் பூட்டிக்கிடந்த புதுக் கட்டடத்தில் வீடு. முதல் வீடு தங்கதுரைக்கு. அதன்பிறகுதான் பெஞ்சைத் தூக்கினார்கள். கேம்ப்பாக மாறியிருந்த பள்ளிக்கூடத்தில் அண்ணாச்சி நுழைந்தபோது சனங்கள் எழுந்து நின்றார்கள். ஒரு பெண் அவர் காலில் விழுந்தாள். அண்ணாச்சி இல்லாவிட்டால் நாதியற்றுப் போயிருப்போம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள் செய்தியில், ஆபத்தான கட்டடத்தைப் பார்வையிட்டும் குடியிருப்பவர்களை எச்சரிக்காத என்ஜினீயர் இடைநீக்கம் என்று வந்தது. அதிதியின் படத்தையும் போட்டிருந்தார்கள். தங்கதுரையின் அண்ணன் மகன் அதைப் போனில் வைத்துக்கொண்டு கேம்ப் முழுக்கக் காட்டினான். பெண்கள் அவளைச் சபித்தார்கள்.

இந்த முறை போன் வந்தபோது சுபாஷிணி எடுத்தாள்.

"சேச்சி, நீங்க கூட நின்னேளே" என்றாள் அதிதி. "எங்காத்து வாசல்ல கல்லெறிஞ்சுட்டுப் போயிருக்கா. அம்மா கதவையே திறக்க மாட்டேங்கறா. விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கா. ரிப்போர்ட் மேலேயே கிடக்கு, நோட்டீஸ் போகலை. நான் வாயால சொன்னேன்னா, யார்ட்ட சொன்னேன்னு கேக்கறா. உங்க ரெண்டு பேரையும்தான் சொல்லணும். நான் பொய் சொல்லச் சொல்லலை, சேச்சி. நடந்ததைச் சொன்னாப் போறும்."

சுபாஷிணி கேம்ப்புக்குப் போனாள். வகுப்பறை ஒன்றில், பிள்ளைகளின் பெஞ்சில், கையில் கட்டோடு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பாக்கியலக்ஷ்மி பாயில் தூங்கினாள். அதிதி பேசியதைச் சொன்னாள்.

அவர் கைக்கட்டின் முனையை உள்ளே செருகினார்.

"சொல்லப்போறியா?"

"தெரியலை."

"சொன்னா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாரு. சங்கந்தான் தடுத்துச்சுன்னு எழுதுவாங்க. அவங்க தப்புன்னு ஒத்துக்கிட்டதாலதான் வீடு. நம்ம தப்புன்னு ஆயிட்டா எதுக்குக் குடுக்கணும்? இத்தனை பேரும் இந்தக் கேம்ப்லயிருந்து எங்க போவாங்க?"

"அந்தப் பொண்ணு ஒண்ணும் செய்யலையே, அண்ணாச்சி."

"அதுக்குப் படிப்பு இருக்கு. வேற வேலை கிடைக்கும்." சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ போ, சுபா. நான் கொஞ்சம் படுக்கணும்."

தங்கதுரையும் மகாவும் பக்கத்து வகுப்பறையில் இருந்தார்கள். சுபாஷிணி அவர்கள் முன்னால் உட்கார்ந்து, என்ஜினீயர் சொன்னது, தானும் அண்ணாச்சியும் கேட்டது, கூட்டத்தில் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கதுரை கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "இதை எதுக்கு என்கிட்ட சொல்லுத?" என்றார்.

"உங்களுக்குத் தெரியணும், அத்தான்."

"எனக்குத் தெரிய வேண்டாம்." அவர் குரல் உயரவில்லை. "அண்ணாச்சி எங்களுக்குக் கெடுதல் நெனப்பாரா? அவரு பொண்டாட்டியும் உள்ளதான இருந்தா? நீ வெளிய எங்கயும் போய்ப் பேசாத. மாரி திரும்பி வரப்போறாளா? இந்தப் புள்ளைக்கு ஒரு கூரையாவது இருக்கட்டும்."

மகா ஜன்னல் பக்கம் நின்றாள். "அம்மா உங்ககிட்ட கேட்டாங்க, சித்தி. போகவா இருக்கவான்னு. நான் பக்கத்துல நின்னேன்."

"ஆமா."

"சித்தி பள்ளுருத்தியில பாயெல்லாம் விரிச்சு வச்சிருந்தாங்க." இந்தச் சித்தி சந்தனமாரியின் தங்கை. மகா மலையாளத்துக்கு மாறினாள். நடந்ததை விசாரணையில் போய்ச் சொல்லுங்கள் என்றாள். வீடு போனாலும் பரவாயில்லை என்றாள். தங்கதுரை அவளை அதட்டினார். அவள் வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

விசாரணை எர்ணாகுளத்தில் ஒரு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில். வராந்தாவில் அதிதி தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சியோடு கமிட்டிக்காரர்களும் பாண்டிகசாலை ஆட்களும் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். சுபாஷிணியும் அந்த வேனில்தான் வந்தாள். என்ன சொல்லப் போகிறாய் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள் வேறு எதுவும் சொல்லக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவளை முதலில் கூப்பிட்டார்கள். என்ஜினீயர் எச்சரித்தாரா என்று அதிகாரி கேட்டார். எச்சரித்தார் என்றாள். யாரிடம்? என்னிடமும் தலைவரிடமும். என்ன வார்த்தையில்? இந்த மழையைத் தாங்காது, உடனே இறக்க வேண்டும். அதைக் குடியிருந்தவர்களுக்குச் சொன்னீர்களா? இல்லை. ஏன்? அந்தக் கேள்விக்குப் பதிலாக அவள் நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. பழைய கிடங்கு, சிதறிப்போன குடும்பங்கள், வீட்டுத் திட்டம். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். இறந்த பெண் நேரடியாகக் கேட்டபோது நான் இருக்கச் சொன்னேன் என்று மட்டும் சேர்த்துச் சொன்னாள்.

அறைக்கதவு திறந்தே இருந்தது. வெளியே நின்றவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து அண்ணாச்சி. அவர் மறுப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், சுபாஷிணியும்தான். மறுத்தால் நம்புவதற்கு அந்த வராந்தா முழுக்க ஆள் இருந்தது. அவர் நாற்காலியில் உட்காரவில்லை. அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார்.

"சொன்னாங்க" என்றார் அண்ணாச்சி. "தெளிவாத்தான் சொன்னாங்க. நான்தான் சொல்ல வேண்டாம்னு வச்சேன். இந்தப் புள்ள கேட்டுச்சு, நான் விடல. அந்தம்மா பேர்ல ஒரு குத்தமும் இல்ல."

பிறகு அதிகாரி கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று மட்டும் சொன்னார். வெளியே வந்தபோது அதிதியின் அம்மா எழுந்து நின்றாள். அவர் கும்பிடாமல், பேசாமல், படியிறங்கிப் போனார். வேனில் ஏறவில்லை. தனியாகப் பஸ்ஸில் போனார்.

அன்றிரவே கேம்ப்பில் கதை வேறாகிவிட்டது. சுபாஷிணி அந்தப் பெண்ணிடம் எதையோ வாங்கிக்கொண்டு அண்ணாச்சியைச் சிக்கவைத்தாள், தன்னைச் சிக்கவைத்த அவளையே காப்பாற்றத்தான் அண்ணாச்சி பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று சொன்னார்கள். அண்ணாச்சி எவ்வளவு சொல்லியும் யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னதெல்லாம் கேட்டுப் பழகியவர்கள், இதை மட்டும் கேட்க மறுத்தார்கள்.

வீடு உடனே கிடைக்கவில்லை. புதிதாக விசாரிக்க வேண்டும் என்று நிறுத்திவைத்தார்கள். பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று கேம்ப்பைக் காலி செய்தார்கள். சனங்கள் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய், அங்கிருந்து தெரிந்தவர்கள் வீட்டுக்கும் வாடகை அறைக்கும் போனார்கள். முன்பென்றால் அண்ணாச்சி கதவுகளைத் தட்டியிருப்பார். இப்போது அவர் எங்கும் போகவில்லை. சங்கத்து நம்பருக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க ஆளில்லை. வெங்கிடராமன் என்ற கோயில் சமையல்காரர் மாரடைப்பில் செத்தபோது உடலை ஊருக்கு அனுப்ப யாரைக் கேட்பது என்று தெரியாமல் அவர் மகன்கள் ஒரு பகல் முழுக்கச் சவக்கிடங்கு வாசலில் நின்றார்கள். சுபாஷிணி கேள்விப்பட்டுப் போனாள். மகன்கள் அவளைப் பார்த்ததும் ரோட்டின் மறுபக்கம் போய் நின்றார்கள். கடைசியில் இங்கேயே எரித்துவிட்டார்கள்.

நான்கு குடும்பம் தென்காசிக்கே திரும்பிப் போனது. மற்றவர்களுக்கு அடுத்த வருடம் பங்குனியில் வீடு கிடைத்தது. அதிதிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. வேறு ஜில்லாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். போகும்முன் சுபாஷிணிக்குப் போன் செய்து நன்றி சொன்னாள். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள சுபாஷிணிக்குக் கூச்சமாக இருந்தது.

புதுக் கட்டடத்தில் முதல் சங்கக் கூட்டம் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நடந்தது. குடிவந்த வாரமே லிஃப்ட் நின்றுவிட்டது. மேல் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. அதற்காகத்தான் கூட்டம். சுபாஷிணிக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. இன்னும் பேருக்குச் செயலாளர் என்பதால் தானே வந்தாள். அவள் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

கமிட்டிக்காரர் செல்லதுரை எழுந்து, சுபாஷிணியைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்றார். கை தூக்கச் சொன்னார். தங்கதுரை முதலில் தூக்கினார். ஏறக்குறைய எல்லோரும் தூக்கினார்கள். மகா தூக்கவில்லை. தூணோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அண்ணாச்சியும் தூக்கவில்லை.

"அண்ணாச்சியே மறுபடி தலைவரா இருக்கணும்" என்றார் செல்லதுரை. எல்லோரும் கைதட்டினார்கள்.

அண்ணாச்சி எழுந்தார். ஒரே வருடத்தில் இளைத்துச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. "எனக்கு வேண்டாம்" என்றார்.

"நீங்க அப்படிச் சொல்லப்படாது. உங்களாலதான இந்த வீடு?"

"மாரியாலதாம்லே இந்த வீடு." அவர் தங்கதுரையைப் பார்த்தார். "நான் சொன்னேன்னு இருந்தா. செத்தா. நீங்க இன்னமும் என்னையச் சொல்லச் சொல்லுதீங்க. என்னால முடியாது."

வேறு யார் பொறுப்பெடுப்பது என்று செல்லதுரை கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு எழுதத் தெரியாது என்றார் ஒருவர். வேலைக்கு யார் போவது என்றார் இன்னொருவர். செல்லதுரையே எடுக்கட்டும் என்று யாரோ சொன்னபோது அவர் அவசரமாக மறுத்தார். மகா எழுந்து, கொஞ்சப் பேராகச் சேர்ந்து பார்க்கலாம், நானும் வருகிறேன் என்றாள். சின்னப் பெண் பேச்சு என்று யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குள் குழாயில் தண்ணீர் வருகிறது என்று மேலிருந்து ஒரு குரல் கேட்டது. பெண்கள் எழுந்து குடங்களோடு படியேறினார்கள். ஆண்கள் இரண்டு மூன்று பேராகக் கலைந்தார்கள். கூட்டம் முடிந்தது என்று யாரும் சொல்லவேயில்லை.

சுபாஷிணி அண்ணாச்சியின் பக்கம் போனாள். "வாரேன், அண்ணாச்சி" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "ம்" என்றார். அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தம் வரை மகா கூட நடந்து வந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தில் நின்றதும் மகா சொன்னாள்:

"நான் கை தூக்காதது உங்களை மன்னிச்சதால இல்ல, சித்தி."

"தெரியும்."

"அன்னைக்கு ஒரு வார்த்தை போங்கன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

மகா திரும்பி நின்று, தோப்பும்படி பஸ் வருகிறதா என்று பார்த்தாள். "லிஃப்ட்டுக்கு ஒரு மனு எழுதணும். மலையாளத்துல எனக்கு எழுத வரும். எங்க குடுக்கணும்னுதான் தெரியலை."

சுபாஷிணி எந்த ஆபீஸ், எந்த மாடி, யாரைக் கேட்க வேண்டும் என்று சொன்னாள். மகா அதைப் போனில் குறித்துக்கொண்டாள். பஸ் வந்தது. சுபாஷிணி ஏறி, பெண்கள் பக்கத்தில் இடமில்லாமல் கம்பியைப் பிடித்து நின்றாள். திரும்பிப் பார்த்தபோது மகா பாதி தூரம் நடந்து போயிருந்தாள்.